ஊசி தொட்ட பொட்டு

பழைய சொகுசுக் கார் ஒன்று உங்கள் கராஜ் வாசலில் வந்து நின்றால், உடனே எஞ்சினை மூடும் பொனற்றைத் திறக்க ஓடாதீர்கள். ஓட்டி வந்தவர் எப்படி இறங்குகிறார் என்று முதலில் பாருங்கள். கதவை மெல்லச் சாத்திவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்ப்பவர் என்றால் அந்தக் காரைக் காப்பாற்றலாம். படார் என்று அடித்துச் சாத்திவிட்டு, "தம்பி, உதுக்குள்ளை ஏதோ சத்தம் கேக்குது, கெதியா ஒருக்காப் பார்" என்பவர் என்றால், இன்றைக்குக் கராஜ் லீவு என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். பிறகு வருகிற தலையிடியில் பாதி குறையும்.

புதிதாகத் தொழில் பழகுகிற நீங்கள் இப்போது கணினியைச் செருகிக் காரின் வருத்தத்தைத் திரையில் வாசிக்கிறீர்கள். எனக்குப் பொறாமைதான், ஒளிப்பானேன். ஆனால் காரின் சொந்தக்காரரை வாசிப்பதற்கு இன்னும் ஒருவரும் வயர் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய தங்கச்சி, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் சேர்த்து வாசிப்பது அதைவிடக் கஷ்டம். அதனால்தான் பரமேஸ் அக்காவின் காரைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

பரமேஸ் அக்கா சண்டிலிப்பாய்ப் பக்கம் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்து ஓய்வுபெற்றவர். முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வீடு வீடாகப் போய் வந்தவர். அந்தப் பகுதியில் இன்றைக்கு மீசை முறுக்கித் திரிகிற பலரை முதலில் கையில் தூக்கியது அவர்தான். ஓய்வுபெற்ற கையோடு என் கராஜுக்கு வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"தம்பி, முழங்கால் ரெண்டும் முடிஞ்சுது. இனி நான் எங்கை போனாலும் நல்ல கதிரையிலை இருந்துதான் போவன். எனக்கு ஒரு பெரிய கார் பார்."

"பெரிய கார் எண்டால், அக்கா?"

"கொழும்பிலை பெரிய டாக்குத்தர்மார் வைச்சிருப்பினமே, அப்பிடி ஒண்டு. பழசெண்டாலும் பரவாயில்லை. நானும் பழசுதானே."

வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. பழைய கார்களுக்கு மவுசு ஏறிக் கிடந்தது. தேடித் திரிந்து, கடைசியில் காங்கேசன்துறையில் ஒரு ஜேர்மன் கார் இருப்பதாக அறிந்தோம். கருநீலம், நீளம், உள்ளே தோல் இருக்கை. அதை வைத்திருந்தவர் பிள்ளைகளோடு இருக்க வெளிநாடு போகிறார். பார்க்கப் போகும்போது பரமேஸ் அக்காவின் அண்ணன் சிவலிங்கமும் கூட வந்தார். புகையிலையும் வெங்காயமும் செய்கிற மனுசன். தங்கச்சியும் அவரும் ஒரு வேலி மட்டும் இடையில் இருக்க, அடுத்தடுத்த வீட்டு வளவில் இருப்பவர்கள். நல்லவர், வாய்தான் பெரிசு. அன்றைக்கு அவர் வந்தது காரை வாங்கவிடாமல் தடுக்க.

எனக்குத் தொழில் பழக்கியவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் கார் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் முதலில் தேத்தண்ணி கேட்பார். மனுசனுக்குத் தேத்தண்ணிப் பைத்தியம் என்றுதான் நாங்கள் கனகாலம் நினைத்திருந்தோம். விஷயம் வேறு. விற்கிறவர்கள், ஆள் வர முதலே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார்கள். சூடான எஞ்சின் எவருக்கும் நல்ல பிள்ளையாகத்தான் ஸ்ராற் ஆகும். ஆறின பிறகு ஸ்ராற் பண்ணினால்தான் அதன் உண்மைக் குணம் தெரியும். ஆற நேரம் வேண்டும், அதுவரை அங்கே இருக்க ஒரு சாட்டும் வேண்டும். அதற்குத்தான் தேத்தண்ணி.

காங்கேசன்துறையில் பொனற்றில் கையை வைத்தேன். இளஞ்சூடு. "ஐயா, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்றேன். வீட்டுக்காரரின் முகம் கொஞ்சம் கோணியது. ஆனால் யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? குடித்தோம். துறைமுகத்தைப் பற்றிக் கதைத்தோம், இந்தியாவுக்குப் போகிற கப்பலைப் பற்றிக் கதைத்தோம், இன்னொரு தேத்தண்ணியும் குடித்தோம். பிறகு ஸ்ராற் பண்ணச் சொன்னேன். ஒருமுறை செருமியது, கொஞ்சம் புகைத்தது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. காலையில் எழும்பும்போது நானும் அப்படித்தான் என்று அதை மன்னித்தேன். கீழே படுத்துப் பார்த்தேன். கடற்காற்றில் ஓரங்கள் மட்டும் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன, அடிப்பாகம் பழுதில்லை. கண்ணாடி ஏற்றி இறக்கினேன், ஏசி போட்டேன், கடைசியில் ஹீற்றரையும் போட்டேன். குப்பென்று சூட்டுக்காற்று வந்தது.

சிவலிங்கம் அண்ணைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "டேய், யாழ்ப்பாணத்திலை ஹீற்றர் என்னத்துக்கடா? அவிச்ச பனங்கிழங்கை உள்ளுக்கை வைச்சுப் புழுக்கொடியல் காய வைக்கவோ?"

"இருக்கிறதெல்லாம் வேலை செய்யவேணும் அண்ணை" என்றேன். தேவை வருமா வராதா என்று பார்த்துச் சோதிக்காதீர்கள், தம்பிமாரே. சோதிப்பது உங்கள் வேலை. தேவை எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியாது.

அதற்குள் பரமேஸ் அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறி இருந்துவிட்டார். கண்ணை மூடி முதுகைச் சாய்த்தார். அண்ணன் இறங்கச் சொன்னபோது, "நான் எழும்ப மாட்டன்" என்றார். அதோடு காரை வாங்குகிற விஷயம் முடிந்தது. என்னிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. இது வழியிலை என்னை விட்டிட்டு நிக்குமோ?"

"நிக்கும் அக்கா. வயசுபோன எல்லாக் காரும் ஒரு நாளைக்கு நிக்கும். ஆனா நிக்க முதல் சொல்லும். அதை நீங்கள் கேக்கவேணும்."

"கேக்கிறதுதானே தம்பி என்ரை உத்தியோகம்! பிள்ளைப்பெறு எண்டால் என்னெண்டு நினைச்சாய்?"

அவரிடம் ஒரு ஒட்டுப்பொட்டு வாங்கினேன். சூடு காட்டும் மானியின் கண்ணாடியில், ஊசி போகக்கூடாத இடத்தில், அந்தச் சிவப்புப் பொட்டை ஒட்டினேன். "ஊசி இந்தப் பொட்டைத் தொட்டால் நிப்பாட்டுங்கோ. ஆர் என்ன சொன்னாலும் நிப்பாட்டுங்கோ. எஞ்சின் எரிஞ்சால் பிறகு இந்தக் காருக்கு இஞ்சை சாமான் எடுக்கேலாது" என்றேன். அந்தப் பொட்டு, கார் தன் நெற்றியில் வைத்ததுபோல நல்ல வடிவாக இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வளவுக்குள் வைத்துப் பராமரிப்பைச் சொல்லிக் கொடுத்தேன். எஞ்சினைக் குளிர்விக்க றேடியேற்றருக்கு விடுகிற கூலன்ருக்கு எங்கள் கராஜில் பெயர் பச்சைத் தண்ணி. அதன் நிறம் பச்சை, அவ்வளவுதான் காரணம். போத்தலைக் கையில் கொடுத்து, "அக்கா, இதுக்குப் பச்சைத் தண்ணிதான் விடவேணும். வேறை ஒண்டும் விடக்கூடாது" என்று உரத்துச் சொன்னேன். அக்கா போத்தலைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். வேலிக்கு அங்கால் சிவலிங்கம் அண்ணை வெங்காயம் பரப்பிக்கொண்டு நின்றதும் என் கண்ணில் பட்டது. அவர் நின்ற இடத்திலிருந்து போத்தல் தெரியாது, என் குரல் மட்டும்தான் கேட்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊர் அந்தக் காருக்கு ஜேர்மன்காரி என்று பெயர் வைத்தது. "ஜேர்மன்காரி சந்தைக்கு வாறா", "ஜேர்மன்காரியிலை கறிவேப்பிலைக் கட்டு ஏறுது" என்று ஒரே பகிடி. அக்கா ஒரு தலையணையைப் போட்டு உயர்ந்து இருந்து, மாட்டு வண்டிக்குக்கூட வழிவிட்டு ஓட்டினார். நல்லூருக்குப் போனார், கீரிமலைக்குப் போனார். வயிற்றுப் பிள்ளைக்காரிகளை ஏசி போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: ஸ்கூட்டியை விற்கக்கூடாது. பழைய சொகுசுக் கார் வைத்திருப்பவருக்கு இன்னொரு வாகனம் கட்டாயம் வேண்டும். அப்போதுதான் காரில் சின்ன வருத்தம் கண்டவுடன் அதை ஓய்வாக நிறுத்தி வைத்துத் திருத்துவார். இல்லாவிட்டால் இன்றைக்கு ஒருநாள், நாளைக்கு ஒருநாள் என்று ஓடி ஓடிக் கொன்றுவிடுவார்.

பிரச்சினை கலியாணத்தில் வந்தது. சிவலிங்கம் அண்ணையின் ஒரே மகள் துளசி. "நான் மாமியின்ரை காரிலைதான் மண்டபத்துக்குப் போவன்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணைக்குக் கோபம். என் முன்னாலேயே தங்கச்சியிடம் சத்தம் போட்டார்.

"சரி, போகட்டும்! ஆனா உந்தக் கார் என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தண்டைக்கு வழியிலை நிண்டுதெண்டால், அடுத்த நாளே விக்கவேணும். சம்மதமோ?"

"ஓம், விக்கிறன்" என்றார் அக்கா. அவர் சொன்ன சொல் மாறுகிற ஆள் இல்லை.

கலியாணத்துக்கு ஒரு மாதம் முந்திக் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தேன். குழாய்கள், பெல்ட், பிரேக், ரயர் எல்லாம் சரி. றேடியேற்றரில் பச்சைத் தண்ணி புதிதாக மாற்றினேன். இனி ஒன்றும் செய்ய இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

கலியாண நாள். உடுவிலில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு அலங்காரம். அங்கிருந்து காங்கேசன்துறைப் பக்கத்து மண்டபத்துக்குப் போக வேண்டும். அக்கா ஓட்டுகிறார். பின்னால் துளசியும் அவளுடைய சிநேகிதியும் அண்ணையும். "நீ முன்னுக்கு ஏறு. உன்ரை நோயாளியெல்லோ" என்று அண்ணை என்னையும் ஏற்றிவிட்டார். கார் முழுக்கப் பூ. முன் கிறில் இருந்த இடமே தெரியவில்லை. மல்லிகையும் செவ்வந்தியும் இடைவெளி விடாமல் கட்டியிருந்தார்கள். "முன்னுக்கு எஞ்சினுக்குக் காத்துப் போகாதெல்லோ, அண்ணை" என்றேன். "கலியாணக் காருக்குப் பூக் கட்டாமல் வேப்பங்குழையோ கட்டுறது? ஏறடா" என்றார்.

சுன்னாகம் சந்தையடியில் நெரிசல். லொறியும் ஓட்டோவும் மாறி மாறி நிற்க, கார் ஆமையாய் நகர்ந்தது. உச்சி வெயில், ஏசி முழுதாக ஓடுகிறது. ஊசி மெல்ல ஏறத் தொடங்கியதை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தார். நெரிசல் கழிந்து மல்லாகம் தாண்டும்போது ஊசி பொட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டது. அண்ணையும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

"பிள்ளை, நிப்பாட்டிப்போடாதை! நிண்டால் விக்கவேணும்! இன்னும் கொஞ்சத் தூரம்தானே, பிடிச்சுக்கொண்டு போ!"

அவருடைய குரலில் இருந்தது கோபமில்லை, பயம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நின்றால் விற்கவேண்டும் என்று சொன்னவரே, நிறுத்தாதே என்று கெஞ்சுகிறார். உறவினரை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த வான்காரர் ஹோர்ன் அடிக்கிறார். முகூர்த்தம் நெருங்குகிறது. ஊசி பொட்டைத் தொட்டது. நான் வாயைத் திறக்க முதல் அக்கா சிக்னல் போட்டு, ஒரு வேப்பமர நிழலில் காரை ஒதுக்கினார்.

"வித்தாலும் பரவாயில்லை அண்ணை. எரிய விடமாட்டன்" என்றார். குரல் உடைந்துதான் வந்தது.

இனி நடந்ததைக் கவனமாக வாசியுங்கள். கார் நின்றால் தெருவில் எல்லோரும் மெக்கானிக்தான். ஒருவர் றேடியேற்றர் மூடியைத் திறக்க வந்தார். கையைப் பிடித்து இழுத்தேன். திறந்திருந்தால் கொதிதண்ணி முகத்தில் அடித்திருக்கும். இன்னொருவர் பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளிய வாளியோடு எஞ்சின்மேல் ஊற்ற ஓடி வந்தார். "அந்த வாளியை வையுங்கோ ஐயா!" என்று கத்தினேன். கொதித்த இரும்பில் குளிர்தண்ணி பட்டால் வெடித்துவிடும். முதல் வேலை, செய்யக்கூடாததைச் செய்யவிடாமல் தடுப்பது. செய்யவேண்டியதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பொனற்றைத் தூக்கிப் பார்த்தேன். றேடியேற்றரோடு சேர்ந்த பிளாஸ்ரிக் போத்தல் வெளியே தெரியும். பச்சையாக இருக்க வேண்டியது வெறும் தண்ணியாக இருந்தது. விளிம்பெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு, எங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் படிகிற அதே படிவு.

"ஆர் இதுக்குத் தண்ணி விட்டது?"

அக்கா விழித்தார். அண்ணை சால்வையைச் சரிசெய்தார். பிறகு மெல்லச் சொன்னார். "நான்தான். நீ கடைசியாப் பாத்திட்டுப் போன நாள் துவக்கம், ஒவ்வொரு நாளும் விடியக்காலமை, தங்கச்சி எழும்ப முதல் வந்து, வழிய வழிய விடுவன். நீதானே சொன்னனீ, பச்சைத் தண்ணிதான் விடவேணும் எண்டு! பச்சைத் தண்ணி எண்டால் காய்ச்சாத தண்ணிதானே? எங்கடை கிணத்துத் தண்ணியடா! ஊரே வந்து அள்ளிக் குடிக்கிற தண்ணி!"

குடிக்கத் தேன்தான். ஆனால் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருகிற தண்ணி. அண்ணை வழிய வழிய விட, பச்சையெல்லாம் வெளியே போய்ச் சுண்ணாம்பு உள்ளே வந்திருக்கிறது. அதன்மேல் பூவும் மூடினால் எந்தக் கார் தாங்கும்?

"உங்களுக்கு இந்தக் காரைப் பிடிக்காதே அண்ணை?" என்றேன்.

"ஆர் சொன்னது பிடிக்காதெண்டு?" என்று சீறினார். பிறகு தணிந்தார். "கோபத்திலை ஒரு சொல்லு விட்டிட்டன். கலியாணம் கிட்ட வரவர, நிண்டிடுமோ, இவள் திரும்ப வெயிலுக்குள்ளை ஸ்கூட்டியிலை போவாளோ எண்டு எனக்கு நித்திரை இல்லை. அதுதான் நல்லாக் குடுத்தால் நல்லா ஓடும் எண்டு..."

அக்கா அண்ணனைப் பார்த்தபடி நின்றார். ஆனால் முகூர்த்தம் காத்திருக்காது.

"பூவைப் பிய்யுங்கோ" என்றேன். துளசியின் சிநேகிதிதான் முதலில் பாய்ந்தாள். முன் பக்கம் முழுதும் வெறுமையாகியது. ஏசியை நிறுத்தினேன். கண்ணாடி நான்கையும் இறக்கினேன். எஞ்சினை ஓடவிட்டபடியே ஹீற்றரை முழுதாகத் திருப்பினேன். எஞ்சினின் சூட்டை இழுத்துக் காருக்குள் ஊதுவதுதான் ஹீற்றரின் வேலை. எங்களுக்கு அனல், எஞ்சினுக்கு ஆறுதல். ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்ணை வானில் ஏற்றட்டோ என்று வான்காரர் கேட்டார். ஏற்றியிருக்கலாம், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஊசி பொட்டை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. எஞ்சின் சத்தத்தில் மாற்றமில்லை. ஒழுக்கு இல்லை. அவசரத்தில் எடுக்கிற முடிவுக்கு ஆசையைக் கேட்காதீர்கள், கண்ணையும் காதையும் கேளுங்கள். நான் கேட்டேன்.

"போகலாம். ஆனா எல்லாரும் வேர்க்கவேணும்."

அந்த மிச்சப் பயணம் மாதிரி ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மத்தியான வெயிலில், கூறை மாற்ற முதல் கட்டிப்போகிற பட்டுச் சேலையில், ஹீற்றர் போட்ட காரில் ஒரு மணப்பெண். "மாமி, என்ரை மேக்கப் உருகுது!" என்று கத்திக் கத்திச் சிரிக்கிறாள். சிநேகிதி ஒரு தட்டால் விசிறுகிறாள். அண்ணையின் பட்டு வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. "இப்ப நாங்கள்தான் புழுக்கொடியல்" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் தலையணை நழுவியது. ஊசி மட்டும் நல்ல பிள்ளையாகக் கீழேயே நின்றது.

முகூர்த்தத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். ஆனால் செய்தி எங்களை முந்திவிட்டது. மண்டப வாசலில் உறவினர் ஒருவர் வாயெல்லாம் சிரிப்பாக நின்றார். "என்ன சிவலிங்கம், ஜேர்மன்காரி வழியிலை நிண்டிட்டாளாம்?"

எல்லோரும் திரும்பினார்கள். பரமேஸ் அக்கா எஞ்சினை நிறுத்தினார். சாவித் துளையிலிருந்து திறப்பை எடுத்தார். இறங்கி, கதவை மெல்லச் சாத்திவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் வந்து திறப்பை நீட்டினார்.

"சொன்ன சொல்லு, அண்ணை. நாளைக்கு வித்துவிடுங்கோ."

சிவலிங்கம் அண்ணை வேர்வையைச் சால்வையால் துடைத்தார். திறப்பை வாங்கி, தங்கச்சியின் கையை விரித்து, அதற்குள்ளேயே வைத்து மூடினார். பிறகு வாசலில் நின்றவரைப் பார்த்து, மேளத்துக்கு மேலால் கேட்கக்கூடிய குரலில் சொன்னார்:

"ஆர் சொன்னது நிண்டதெண்டு? கார் நிக்கேல்லை. என்ரை தங்கச்சி நிப்பாட்டினவள்."